சேலை அடுக்கிய கட்டில்

7 மார்ச் 2024, வியாழன்

காலையிலிருந்து மழை. துணி கூடத்தில் காய்கிறது. மாத்திரை போட்டாயிற்று.

கிருஷ்ணம்மா இன்று ஒரே காட்சியைப் போனில் திரும்பத் திரும்ப எடுக்கவைத்தாள். கிளினிக்கில் நம்பர் வாங்கிக் காத்திருக்கும் மூன்று பேர், ஒரு நர்ஸ் மிஸ்ஸி. நால்வரும் அவளே. துண்டைத் தோளில் போட்டால் சாஆ என்ற ஊரின் தோட்டத்துக் கிழவர். அதே துண்டைத் தலையில் சுற்றினால் எல்லோர் வியாதியையும் விசாரிக்கும் அக்கா. என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மூக்கு நுனியில் வைத்தால் எரிந்து விழும் மிஸ்ஸி. நான்காவது ஆள் போனில் சத்தமாகப் பாட்டு வைக்கும் இளவட்டம். அந்தப் பாட்டையும் அவளே மவுத்ஆர்கனில் வாசித்துவிடுகிறாள்.

கண்ணாடி அவளிடம் போய்விட்டதால் நான் எடுப்பது எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஏங்க, ஆட்டாதீங்க. மரமாட்டம் நில்லுங்க."

"நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

"மரம் பேசாது."

அசையாமல் நிற்பது, பேசாமல் இருப்பது. இரண்டும் எனக்குப் பழகிய வேலைதான்.

10 மார்ச், ஞாயிறு

பிரவீனா மாசாயிலிருந்து வந்து வீடியோவை இணையத்தில் ஏற்றிவிட்டாள். சிங்கப்பூர் வேலைக்குத் தினமும் பாலத்தைக் கடந்து போய் வரும் களைப்பிலும் அம்மாவுக்கென்றால் உட்கார்ந்துவிடுகிறாள் என் மகள். முந்தைய வீடியோக்களின் கீழே வந்த கருத்துகளைப் படித்துக் காட்டினாள்.

"அப்பா, இதக் கேளுங்க. ‘ஆண்ட்டி ஏன் எப்பவும் கேமராவப் பாக்காம கொஞ்சம் மேல பாக்குறாங்க?’"

நான் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறேன். கிருஷ்ணம்மா என் முகத்தைப் பார்த்து நடிக்கிறாள். அதுதான் காரணம். நான் சிரித்தால் காட்சி சரி என்று அவளுக்கு ஒரு கணக்கு.

இனிமேல் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "அப்ப ஒங்க மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

28 மார்ச்

கிளினிக் வீடியோவை இந்த நாடே பார்த்துவிட்டது போலிருக்கிறது. பெர்மாஸ் ஜெயா சந்தையில் மீன்காரர் அவளைக் காக்கவைக்காமல் மீனைக் கொடுத்தார். மிஸ்ஸியைப் போல ஒரு தரம் ஏசிக் காட்டச் சொன்னார். ஏசினாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாசாயில் அவள் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையின் கேன்டீனில் இருபது வருடத்துக்கு மேல் இதையேதான் செய்தாள். சூப்பர்வைசர்களைப் போல நடந்து காட்டுவாள், பேசிக் காட்டுவாள், பாட்டுக் கட்டுவாள். அன்று அவளுக்கு ரசிகர்கள் ஒரு மேசை.

திரும்பும்போது பக்கத்து வீட்டுத் தங்கராஜு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "என்ன சார், ஸ்டாரோட வீட்டுக்காரர்! இனி அவங்க பின்னாலயே ஹேண்ட்பேக் தூக்கிக்கிட்டுப் போவீங்களா?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். இருந்தும் ஏன் இதை எழுதிவைக்கிறேன்?

20 ஏப்ரல், சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து புவான் ரொஹானா என்ற அம்மையார் வந்திருந்தார். இணையத்தில் தொடர் எடுக்கும் நிறுவனத்தின் தயாரிப்பாளர். அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் நான்கு இனக் குடும்பங்களைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். அதில் கிருஷ்ணம்மா வேண்டுமாம். ஊர் ஊராக மேடை நிகழ்ச்சியும் உண்டு. ஓராண்டு ஒப்பந்தம். அங்கேயே தங்க வேண்டும்.

கிருஷ்ணம்மாவின் மலாய், சந்தைக்கும் தொழிற்சாலைக்கும் போதும். ஒப்பந்தப் பேச்சுக்குப் போதாது. "நீங்க சொல்லுங்க, நீங்கதான் ஜூருபாசா" என்று என்னை நடுவில் உட்காரவைத்தாள். முப்பது ஆண்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவனுக்கு இது பெரிய காரியமா? முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். புவான் சொன்னதைத் தமிழில் சொன்னேன். இவள் சொன்னதை மலாயில், அவள் இடத்திலிருந்தே "நான்" என்று சொன்னேன். அதுதான் முறை. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.

ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பத்தியையும் படித்துச் சொன்னேன். தங்குமிடம் பற்றிய பத்தி வந்தது. "கலைஞருக்கும் அவருடைய துணைவருக்கும் ஓர் அறை வழங்கப்படும்." படித்துவிட்டு நிறுத்தினேன். கிருஷ்ணம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பத்திக்குப் போனேன்.

கடைசியில் புவான் ரொஹானா என் பக்கம் திரும்பி மலாயில் கேட்டார்: "கணவர் என்ன சொல்கிறார்? அவருக்குச் சம்மதமா?"

நான் கிருஷ்ணம்மாவிடம் திரும்பி, "கணவர் என்ன சொல்கிறார், அவருக்குச் சம்மதமா என்று கேட்கிறார்" என்றேன்.

ஆம். மொழிபெயர்த்தேன்.

அவள் ஒப்பந்தத் தாள்களை ஒன்றாக அடுக்கினாள். பிறகு, "அவருக்கு ஒன்னும் இல்லன்னு சொல்லுங்க" என்றாள்.

"அவருக்கு ஆட்சேபனை எதுவும் இல்லை" என்று நல்ல மலாயில், தெளிவாகச் சொன்னேன்.

புவான் என் மலாயைப் பாராட்டினார்.

21 ஏப்ரல்

என்னைக் கேட்ட கேள்வி அது. என்னை!

3 மே, வெள்ளி

லார்கின் பஸ் நிலையத்தில் அவளைக் கோலாலம்பூர் பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டியில் துண்டு, மவுத்ஆர்கன், என் பழைய கண்ணாடி. மிஸ்ஸிக்கு வேண்டுமாம்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க. ஈரத்துண்ட நாற்காலியில போடாதீங்க."

"சரி."

"வேற?" என்றாள், படியில் ஒரு கால் வைத்தபடி.

"வேற ஒன்னும் இல்ல."

12 மே

முதல் வாரம் போயிற்று. காலையில் போனில் பேசுகிறோம். பசியாறினீங்களா, பசியாறினேன். மழையா, மழை. தண்ணீர் பில் வந்துச்சா, கட்டிவிட்டேன்.

"ரூமு நல்லா இருக்குங்க. ரெண்டு கட்டில். ஒன்னுல நான் படுத்துக்கிறேன். இன்னொன்னு சும்மாதான கெடக்கு, சேலய அடுக்கி வச்சிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அலமாரி தேவைப்படாது" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது.

30 ஜூன்

தொடரின் முதல் பகுதி வந்துவிட்டது. பிரவீனா பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். கிருஷ்ணம்மா மின்தூக்கியில் மாட்டிக்கொண்டு, அத்தனை பேரையும் தமிழில் ஏசுகிறாள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது; எல்லோருக்கும் புரிகிறது. பிறகு பயந்துபோன சீனப் பாட்டியைத் தேற்ற ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். அந்த இடத்தில் பிரவீனா அழுதுவிட்டாள்.

நான் வேறொன்றைக் கவனித்தேன். இப்போது அவள் சரியாகக் கேமராவைப் பார்க்கிறாள். பழக்கிவிட்டார்கள். நல்ல தொழிலாளி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வாள். திரையிலிருந்து நேராக என்னைப் பார்த்தாள் — எல்லோரையும் பார்ப்பதைப் போல.

18 ஆகஸ்ட்

மாதம் ஒருமுறை வருவதாகப் பேச்சு. இந்த மாதம் ஈப்போவில் மேடை. போன மாதம் பினாங்கு.

எங்கள் பழைய வீடியோக்களைத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்றில் அவள் பின்னால் கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் நான் தெரிகிறேன். போனை இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் போலப் பிடித்துக்கொண்டு ஒரு வழுக்கைத் தலைக்காரர். அவள் அவரைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாள். அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பைத்தியக்காரத்தனம்.

1 செப்டம்பர்

பிரவீனா கேட்டே விட்டாள். "அப்பா, நீங்க ஏன் அம்மாகூடப் போய் இருக்கக் கூடாது?"

"கூப்பிடலையேம்மா."

"நீங்க வரேன்னு சொன்னீங்களா?"

"கூப்பிடாம எப்படிச் சொல்றது?"

"அலமாக்! ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான் போங்க. அம்மாகிட்டக் கேட்டா, ‘ஒங்கப்பா ஒரு வார்த்த சொன்னாரா’ங்கிறாங்க."

சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போய் அங்கே என்ன செய்வேன்? இளைஞர்கள் ஓடியாடி வேலை செய்யும் இடம். மூலையில் ஒரு கிழவன். அவளும் ஆயுளில் பாதியைத் தொழிற்சாலைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஓடியே கழித்தவள். இப்போதுதான் யாருக்கும் சமைக்காமல், யாருடைய மாத்திரையையும் நினைக்காமல் இருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னாரா என்பது வேண்டும் என்பதா, வெறும் குறையா? எது என்று தெரியாமல் எப்படிப் போய் நிற்பது?

31 அக்டோபர், வியாழன் — தீபாவளி

சிறப்பு நிகழ்ச்சி இருப்பதால் அவள் நாளை மறுநாள்தான் வருகிறாள். எண்ணெய் நானே வைத்துக்கொண்டேன். முதுகுக்கு எட்டவில்லை.

நிகழ்ச்சியை நேரலையில் பார்த்தேன். பட்டுச் சேலையில் கும்மியடித்தாள். மெலிந்திருக்கிறாள். அல்லது கேமரா அப்படிக் காட்டுகிறதா?

3 நவம்பர்

வந்தாள். ஒரு நாள் இருந்தாள். தூங்கினாள், பாவம். தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும், "எழுப்பக்கூடாதா? பேசிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று கோபித்துக்கொண்டாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

5 டிசம்பர்

இன்று ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. ஜீவனாம்ச வழக்கு. ஒரு லாரி ஓட்டுநர் கூண்டில் நின்று நீதிபதியைப் பார்த்து, "அவ இல்லாம சோறு எறங்கல துவான், வரச் சொல்லுங்க" என்றான். நான் அதை ஆங்கிலத்தில், "அவள் இல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை" என்று நீதிமன்றமே கேட்கும்படி சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவனுடைய வாக்கியம். எனக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது!

இன்று குளியலறைக் கண்ணாடி முன் அதையே தமிழில் சொல்லிப் பார்த்தேன். "நீ இல்லாம—" அதற்கு மேல் வரவில்லை. தவிர, அது உண்மையும் அல்ல. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

எங்கள் ஜொகூரிலும் வெள்ளி, சனிக்குப் பதில் இந்த ஆண்டு முதல் சனி, ஞாயிறு விடுமுறை. அவளுக்கும் ஞாயிறு ஓய்வு. இனி ஒரே நாளில் எங்கள் இருவருக்கும் விடுமுறை என்று போனில் சொன்னேன்.

"ஒங்களுக்கு என்னைக்குங்க விடுமுறை இல்ல?" என்று சிரித்தாள். பிறகு, "வேற?"

அந்த "வேற"க்குப் பிறகு அவள் உடனே வைப்பதில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன். மூச்சுவிடும் சத்தம் கேட்கும். எவ்வளவு நாளாக இப்படிக் காத்திருக்கிறாள்?

"வேற... பப்பாளி பழுத்திருக்கு" என்றேன்.

22 பிப்ரவரி, சனி

ஜொகூர் பாருவில் அவளுடைய மேடை நிகழ்ச்சி. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பிரவீனாவோடு போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. பாட்டு, ஆட்டம், மவுத்ஆர்கன், நான்கு குரல். பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் விழுந்து விழுந்து சிரித்தது. கிழவர் வேடத்தில் அவள் கேட்டைப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, நான்கு எட்டு நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். மண்டபமே அதிர்ந்தது. அது நான். என்னைப் பார்த்து அவ்வளவு பேர் சிரித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அவள் மறக்கவில்லை என்பதுதான் தோன்றியது.

முடிந்ததும் அவளைச் சுற்றிக் கூட்டம். நான் ஓரமாக நின்றேன். ஒரு பெண் என்னைத் தட்டி, "அங்கிள், ஆண்ட்டிகூட எங்கள ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்களேன்" என்று போனைக் கையில் திணித்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன். அசையாமல் நின்றேன்.

"ஆண்ட்டி, கேமராவப் பாருங்க! மேல பாக்குறீங்க" என்றாள் அந்தப் பெண்.

கிருஷ்ணம்மா கேட்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் போய்விட்டார்கள். மலாக்கா நிகழ்ச்சிக்காக அவளுடைய வேனும் உடனே புறப்பட்டது. அந்தப் படம் யாரோ ஒருவர் போனில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரையாவது கேட்டிருக்க வேண்டாமா நான்?

19 ஏப்ரல்

ஒப்பந்தம் அடுத்த வாரம் முடிகிறது. தொடருக்கு இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. புவான் ரொஹானா வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம், கிருஷ்ணம்மாவோடு.

போகாதே என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். மண்டபத்தில் அவள் முகத்தைப் பார்த்த எவரும் அதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் இன்னும் இரண்டு ஆண்டு. எனக்கு எழுபத்தொன்று ஆகப்போகிறது.

சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். "துணைவருக்கான இடத்தில் நான் வந்து தங்குவதற்கு உனக்குச் சம்மதமென்றால்..." வக்கீல் கடிதம் போல இருக்கிறது. அடித்துவிட்டேன்.

26 ஏப்ரல், சனி

அதே நாற்காலிகள். அதே மூவர். பத்திகளைப் படித்தேன். "கலைஞருக்கும் அவருடைய துணைவருக்கும் ஓர் அறை." குரல் சற்று இறங்கியது. கிருஷ்ணம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சம்மதத்தை மலாயில் சொன்னேன்.

புவான் ரொஹானா என்னைப் பார்த்துக் கேட்டார். "கணவர் என்ன சொல்கிறார்?"

நான் — அடப்பாவி — மறுபடியும் கிருஷ்ணம்மா பக்கம் திரும்பிவிட்டேன். "கணவர் என்ன—"

"எனக்குப் புரிஞ்சிருச்சு" என்றாள். "ஒரு வருசமா மலாய்க்காரங்களோடதான இருக்கேன். ஒங்களத்தான் கேக்குறாங்க. நீங்க சொல்லுங்க."

இருவரும் என்னையே பார்த்தார்கள். கூண்டில் ஏற்றியது போல இருந்தது. அத்தனை ஆண்டு கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் ஏறியதில்லை. தயாரித்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. மலாயும் வரவில்லை.

"ஈரத்துண்ட..." என்றேன். "ஈரத்துண்ட நாற்காலியிலதான் போடுறேன். தெனமும். யாரும் ஏச மாட்டேங்கிறாங்க."

அவ்வளவுதான் சொன்னேன்.

கிருஷ்ணம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். புவான் ரொஹானா குழம்பிப்போய், "என்ன சொன்னார்?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் தன் சந்தை மலாயில் பதில் சொன்னாள். இலக்கணமும் இல்லை, ஒன்றும் இல்லை. "டியா காத்தா, டியா மாவ் ஈக்கூட்."

தானும் வருவதாகச் சொல்கிறார்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. துண்டைப் பற்றிச் சொன்னேன். மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் உடனே எழுந்து, "துவான், பதிவில் ஒரு திருத்தம்" என்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டில் ஒருமுறைகூட நான் அதைத் தவறவிட்டதில்லை.

திருத்தம் எதுவும் கோரவில்லை.

27 ஏப்ரல்

"ஒங்கள வரச் சொல்லி நான் கூப்பிட்டா, எனக்காக வருவீங்க" என்றாள் காலையில், தேநீரை ஆற்றிக்கொண்டே. "வந்து ஓரமா நாற்காலியப் போட்டுக் கஷ்டத்தச் சொல்லாம ஒக்காந்திருப்பீங்க. ஒங்களுக்கா வரணும்னு தோணணும்னு இருந்தேன்."

"எனக்கு அன்னைக்கே தோணிச்சு."

"அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

12 மே

கிளினிக்கில் மூன்று மாதத்து மாத்திரை வாங்கிவிட்டேன். வீட்டுச் சாவி பிரவீனாவிடம். தங்கராஜு பப்பாளியைப் பார்த்துக்கொள்கிறாராம். "அப்ப ஹேண்ட்பேக் தூக்கப் போறீங்க" என்றார். "ஆமா, கனமாத்தான் இருக்கும்" என்றேன்.

கோலாலம்பூரிலிருந்து கிருஷ்ணம்மா பேசினாள். "அந்தக் கட்டில்ல இருந்த சேலயெல்லாம் எடுத்து அலமாரியில திணிச்சிட்டேன். மூட மாட்டேங்குது. நீங்க வந்து சரியா அடுக்கிக் கொடுங்க."

கேட்டை இழுத்துப் பார்த்தேன். ஒருமுறைதான். சரி, இரண்டு.

14 ஜூன், சனி — சாஆ

தொடரில் ஒரு பகுதியை இங்கே எடுக்கிறார்கள், கடைத்தெருவில். வெயில். கிருஷ்ணம்மாவைச் சுற்றி ஊர்க்காரர்கள் கூட்டம். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் கொடுத்தார்கள்.

முதல் முறை எடுத்ததும் இயக்குநர் நிறுத்திவிட்டார். "ஆண்ட்டி, இவ்வளவு நாள் சரியா இருந்தீங்க. இப்ப பார்வை ஓரமாப் போகுது. கேமராவப் பாருங்க." இரண்டாவது முறையும் அதேதான். மூன்றாவது முறையும். அவள் மன்னிப்புக் கேட்டாள். இயக்குநர் திரும்பி, அவள் எங்கே பார்க்கிறாள் என்று தேடினார்.

நான் குடையை மடக்கினேன். நாற்காலியை விட்டெழுந்து, கேமராவுக்கு நேர் பின்னால் போய் அசையாமல் நின்றேன்.

நான்காவது முறை சரியாக வந்தது.